திருகாணி மேல் ஒரு சொட்டு மெழுகு

என் வீட்டுக்காரர் ராயப்பராஜ் மரம் அறுக்கிற செயின் ரம்பம் ரிப்பேர் பார்க்கிறவர். திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஒரு மரவாடிக்குள்தான் அவருடைய பட்டறை. பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் எங்கள் வீடு. பதினாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வாடியின் இரும்புக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்டுச் சாவி முதலாளி இளஞ்செழியனிடம் இருக்கும்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் இஞ்சின் விஷயம் ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவர் வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. நான் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"இது ரெண்டு ஸ்ட்ரோக் மிஷினு. காத்தும் பெட்ரோலும் உள்ள வரணும், எரியணும், புகை வெளிய போகணும். அதுக்குத்தான் சிலிண்டர் சுவத்துல கம்பெனிக்காரன் ஜன்னல் வச்சிருக்கான். அந்த ஜன்னலைச் செத்த அகலமாக்கி, விளிம்பை வழவழன்னு தேச்சு விட்டா மிஷினு நல்லா மூச்சு விடும். மூச்சு நல்லா விட்டா மரத்தை நல்லா அறுக்கும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்று அவர் சொல்கிற வேலைக்கு இரண்டு நாள் ஆகும். முதலில் சிலிண்டரின் உள்சுவரில் மை தடவுவார். ஊசியால் கோடு கிழிப்பார். எங்கள் மகள் லிடியா பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பாகைமானியை ஒரு வட்டப் பலகையில் ஒட்டி இஞ்சினின் சுழல்சக்கரத்தில் மாட்டியிருந்தார். பிஸ்டன் எந்த இடத்தில் வரும்போது ஜன்னல் திறக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். பிறகு பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன கிரைண்டரை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பார். புகை போகிற ஜன்னலின் மேல் விளிம்பில் அவர் எடுப்பது நற்கருணை அப்பத்தின் கனத்தில் பாதிகூட இருக்காது. அதற்குமேல் போனால் சிலிண்டரைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

"எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, அன்னாளு" என்பார். ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொண்டுதான் கிரைண்டரை ஓட்டுவார்.

தேய்த்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. காற்று அதிகமாக வருவதால் பெட்ரோலும் அதிகமாக விட வேண்டும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை கார்புரேட்டரில் இருக்கிற ஒரு சின்னத் திருகாணிதான் தீர்மானிக்கிறது. அதைச் சரியாக வைத்தால், மரத்தில் வைக்காமல் சும்மா முறுக்கும்போது இஞ்சின் கொஞ்சம் கரகரவென்று இருமுகிற மாதிரி ஓடும். மரத்தில் வைத்ததும் இருமல் நின்றுவிடும்.

ரம்பக்காரர்களுக்கு அந்த இருமல் பிடிக்காது. ரம்பம் என்றால் கத்த வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்க வேண்டும். கத்தி முனையால் திருகாணியைக் கால் சுற்று உள்ளே திருப்பிவிட்டால் இஞ்சின் பிரமாதமாகக் கத்தும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அதற்காகத்தான் மெழுகு. நான் கோயில் பெருக்குகிறவள். எரிந்து மீந்த மெழுகுதிரித் துண்டுகளை, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை எனக்குக் கொடுப்பார். திருகாணியை வைத்து முடித்ததும் என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவார். நான் திரியைப் பற்றவைத்துச் சாய்த்துப் பிடிப்பேன். திருகாணியின் தலையில் ஒரு சொட்டு விழும். யாராவது திருப்பினால் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வாடியில் எல்லோருக்கும் அது தெரியும். "ராயப்பண்ணே முத்திரை" என்பார்கள்.

போன வருஷம் ஒரு ஆள் அந்த முத்திரையை உடைத்தார். பெருமாள்சாமி, தொப்பம்பட்டிக்காரர். இருபது வருஷமாக ரம்பம் பிடிக்கிறவர். பிஸ்டன் பிடித்ததும் அவரே ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "நான்தானுங்க திருப்பிப்போட்டேன், கத்தவே மாட்டேங்குதேன்னு" என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். முதலாளி கத்தினார். அதோடு முடிந்தது.

இந்தத் தவக்காலத்தில் நடந்ததைத்தான் இனிமேல் சொல்ல வேண்டும்.

சாம்பல் புதன் முடிந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. சின்னாளப்பட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற ஒருவர், மரம் வெட்டக் கொடுப்பதற்காக வாடிக்கு வந்தார். தானே ஒரு புது ரம்பம் வாங்கி வைத்திருந்தார். அதையும் காரில் கொண்டுவந்திருந்தார். பேச்சு வாக்கில் முதலாளிக்கும் அவருக்கும் போட்டி வந்துவிட்டது. ஒரே புளியங்கட்டையில் அந்தப் புது ரம்பம் ஒரு முனை, எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் தேய்த்த ரம்பம் ஒரு முனை.

முதலாளி எங்கள் பட்டறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணே, அறுக்கிறது அறுக்கட்டும். சத்தம் பத்தலை. அந்தாளு காது அடைக்கிற மாதிரி ஒரு கத்து கத்தணும்."

"அது நல்லதில்லை தம்பி."

"அஞ்சு நிமிஷத்துக்குண்ணே. அப்புறம் பழையபடி வச்சிருங்க."

அவர் திருகாணியைக் கால் சுற்று உள்ளே திருப்பினார். பெருமாள்சாமிதான் பிடித்து அறுத்தார். தோப்புக்காரரின் ரம்பம் பாதிக்கு வருவதற்குள் எங்கள் ரம்பம் கட்டையைத் துண்டாக்கிவிட்டது. முதலாளி என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். தோப்புக்காரர், தன் ரம்பத்துக்கும் அதே மாதிரி ஜன்னல் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

உடனே லாரி கிளம்பத் தயாராகிவிட்டது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நானும் அவசரப்படுத்தினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். "கோயில்ல சிலுவைப்பாதைக்கு நேரமாச்சுங்க, மணி அடிச்சிருவாங்க" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னேன். "மெழுகு, மெழுகு" என்றார் அவர். நான் திரியைச் சாய்த்தேன். சொட்டு கொஞ்சம் வழிந்து, ஓரத்தில் ஒரு சின்ன வால் மாதிரி உறைந்தது. பெருமாள்சாமி ரம்பத்தை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார்.

திருகாணியைப் பழையபடி திருப்பி வைக்கவில்லை. அது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை தோப்பில் ஒரு பழைய புளிய மரத்தை அறுத்திருக்கிறார்கள். முக்கால்வாசி போனபோது ரம்பம் கிறீச்சென்று நின்றுவிட்டது. மரம் பாரத்தோடு உட்கார்ந்ததில் ரம்பத்தின் அலகு உள்ளேயே மாட்டிக்கொண்டது. மரமோ மோட்டார் ரூம் பக்கம் சாய்ந்தபடி நின்றது. காற்றடித்தால் விழும். இன்னொரு ரம்பம் வந்து சேரும்வரை நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள், கயிற்றின் முன்பிடி பெருமாள்சாமி. மாதா புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் ரம்பம் பட்டறைக்கு வந்தது. முதலாளி போனில் பேசிக்கொண்டு நின்றார். பெருமாள்சாமியும், லோடு ஏற்றுகிற சின்னக்கண்ணுவும் இருந்தார்கள். நான் டீ கொண்டுவந்தேன்.

எந்த ரம்பத்தைக் கையில் எடுத்தாலும் என் வீட்டுக்காரர் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. தூசியைத் துடைப்பார், கட்டைவிரல் நகத்தால் பழைய மெழுகைச் சுரண்டி எறிவார். பல வருஷப் பழக்கம், கை தானாகச் செய்யும். அன்றைக்கும் கை தானாகச் செய்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெழுகு உடையவில்லை. வால்கூட அப்படியே இருந்தது. நகம் பட்டதும் முழுச் சொட்டாகப் பெயர்ந்து மரத்தூளில் விழுந்தது.

அவர் கை நின்றுவிட்டது. அப்போதுதான் அவருக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்திருக்கிறது.

முதலாளி போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "மெழுகு இருக்காண்ணே?"

அவர் திருகாணியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அந்த நொடியில் அது உண்மைதான். அந்த உண்மைக்குள்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

"அதானே பாத்தேன்" என்று முதலாளி பெருமாள்சாமியிடம் திரும்பினார். "போன வருஷமும் நீதான்யா. பழகுன கை சும்மா இருக்குமா?"

"இல்லீங்க. இந்த வாட்டி நான் தொடலீங்க."

"அப்ப மெழுகுக்கு ரெக்கை முளைச்சிருச்சா?"

சின்னக்கண்ணு சிரித்தார். பெருமாள்சாமி என் வீட்டுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நீ ரம்பம் தொட வேண்டாம். கொப்பு பொறுக்கிப் போடு, போ" என்றார் முதலாளி.

ரம்பம் பிடிக்கிற ஆளைக் கொப்பு பொறுக்க விடுவது என்றால், பூசை வைக்கிற சாமியாரைச் செருப்புக்குக் காவல் வைப்பது மாதிரி. ரம்பக்காரர் லாரியில் முன்னால் உட்காருவார். கொப்பு பொறுக்குகிறவர் பின்னால் கட்டை மேல் உட்காருவார். மறுநாளிலிருந்து பெருமாள்சாமி பின்னால் ஏறினார். மத்தியானத்தில் பட்டறைக்கு எதிரே வேப்ப மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவார். என்னைப் பார்த்தால், "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்பார். எப்போதும் கேட்கிற மாதிரியேதான் கேட்பார்.

"சொல்லிருங்க" என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன்.

"எப்படிச் சொல்ல? மெழுகு விழுந்த நிமிஷத்துலயே சொல்லியிருந்தா, அது மறதி. இப்பச் சொன்னா, அது திருட்டு. என் கையாலேயே எடுத்துப் போட்டுட்டு இல்லைன்னு சொன்னவன்தானே நான்."

"பாவம் அந்த மனுஷன்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இருக்கீங்க?"

அந்த வாரமே முதலாளி ஒன்பது ரம்பங்களைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். அதில் தோப்புக்காரருடையதும் ஒன்று, பிஸ்டன் பிடித்ததும் ஒன்று. "எல்லாத்துக்கும் அதே மாதிரி போட்டு விடுங்கண்ணே. ராயப்பண்ணே கைன்னா தனி கைன்னு பழனி வரைக்கும் பேச்சு" என்றார். என் வீட்டுக்காரர் கிரைண்டரை எடுப்பார், சிலுவை போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார், பாதியில் இறக்கிவிடுவார். கிரைண்டரைக் கீழே வைத்துவிடுவார். ஒன்பதும் அப்படியே கிடந்தன. இருக்கிற வீடு முதலாளி வாடியில். லிடியா காந்திகிராமத்தில் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. வெளியே போய் வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு நாள் பேச்செடுத்தேன். "கேட்டைத் தாண்டினா மட்டும் இது விட்டுருமா?" என்றார்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதற்கப்புறம் வந்த முதல் ஞாயிறு, நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. பாவத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வரிசையில் போகிறவர்களுக்கு வழி விட்டு, முழங்காலைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற நாளில் கல்யாணம் காட்சி என்று காணாமல் போகிறவர்கள்கூடத் தவக்காலத்தில் நன்மைக்கு வந்துவிடுவார்கள். பெஞ்சில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறும் அப்படியே.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிற லூர்தம்மாள் அக்காவுக்குக் கண் ரொம்பக் கூர்மை. "என்ன அன்னாளு, உன் வீட்டுக்காரருக்குச் சக்கரையா? அப்பம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரா?" என்று படியிறங்கும்போது கேட்டார்கள்.

"மேலுக்குச் சுகமில்லைக்கா" என்றேன். கோயில் வாசலில் வைத்து நானும் ஒரு பொய் சொன்னேன்.

நாலாவது ஞாயிறு. மணி அடித்தது. என் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. திட்டம் போட்டுச் செய்ததில்லை. மூன்று வாரமாக என் நாக்கில் நன்மை வாங்கிக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போய் அந்த வேப்ப மரத்தைப் பார்த்தேன். இன்றைக்கு எப்படிப் போவது என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லூர்தம்மாள் அக்கா என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

நடுவில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்களின் இடைவெளியில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். கோயிலே எழுந்து நிற்க, இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் அவர் ஒருத்தர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார். "நீ ஏன் போகல?"

"எப்படிப் போறது?"

"நீ என்ன செஞ்ச?"

"மெழுகுதிரி பிடிச்சேன்ல. நேரமாச்சு நேரமாச்சுன்னு அவசரப்படுத்துனேன்ல. விழுந்ததைப் பார்த்துட்டு டீ டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போனேன்ல."

கேட் வரை நடந்தோம். கேட்டில் கையை வைத்தபடி, "நாளைக்குச் சொல்லிர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் முதலில் முதலாளியிடம் தனியாகத்தான் போனார். நான் பட்டறை வாசலில் நின்றேன். ஆபீஸ் ரூம் கதவு திறந்தேதான் இருந்தது, பேச்சு கேட்டது. அவர் வெள்ளிக்கிழமை கால் சுற்றிலிருந்து நகத்தில் பெயர்ந்த மெழுகுவரை ஒன்றும் விடாமல் சொன்னார். முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏண்ணே, முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறுறீங்க?"

"முடியலையே தம்பி. அந்தாளு கொப்பு பொறுக்குறான்."

"பங்குனி முடியட்டும், பெருமாளை நான் பக்குவமா ரம்பத்துக்கு ஏத்திவிடுறேன். நீங்க வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. தோப்புக்காரர் காதுக்குப் போனா, ராயப்பண்ணே மிஷினு நடுமரத்துல நிக்கும்னுதான் பேச்சு வரும். ஒன்பது மிஷினு கிடக்கு. புரியுதா?"

"புரியுது தம்பி."

அவர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததும், சொல்லாமலே விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். பதினாறு வருஷமாக முதலாளி பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுஷன். ஆபீஸ் ரூமுக்கும் பட்டறைக்கும் நடுவில் செத்த நேரம் நின்றார். லாரி கிளம்பத் தயாராக இருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெருமாள்சாமி பின் டயரில் கால் வைத்திருந்தார்.

"பெருமாளு, இறங்கு" என்றார்.

"ஏனுங்கண்ணா?"

"அந்த மிஷினை நீ தொடல. திருகாணியைத் திருப்புனது நான். போட்டிக்காகத் திருப்பிட்டுத் திரும்ப வைக்க மறந்துட்டேன். மெழுகு உடையாமத்தான் இருந்துச்சு. நான்தான் நகத்தால எடுத்துப் போட்டுட்டு, இல்லைன்னு சொன்னேன்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

லாரி மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி ஆபீஸ் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

பெருமாள்சாமி காலை டயரிலிருந்து எடுத்தார். "எனக்குத் தெரியுமுங்க" என்றார். "அன்னைக்கு உங்க நகத்துல துளி மெழுகு ஒட்டியிருந்துச்சுங்க. பாத்தேனுங்க."

"ஏன்யா அப்பவே சொல்லல?"

"நான் சொன்னா யாருங்க நம்பறது? போன வருஷம் திருப்புனவன் நானு. நீங்க சொன்னாத்தானுங்களே ஆகும். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டேனுங்க. நாலு வாரம் ஆகிப்போச்சு."

என் வீட்டுக்காரர் கை இரண்டையும் கூப்பினார். பெருமாள்சாமி அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சின்னக்கண்ணுதான் மேலேயிருந்து சொன்னார்: "ஏப்பா, முன்னாடி ஏறுப்பா. கொப்பு பொறுக்குறேன்னு பாதிய காட்டுலயே விட்டுட்டு வர்ற. உன்னால எங்களுக்குத்தான் வேலை கூடுது." எல்லோரும் சிரித்தார்கள். பெருமாள்சாமி நடந்துபோய் முன்னால் ஏறினார். முதலாளி தடுக்கவில்லை. அத்தனை பேர் கேட்ட பிறகு தடுக்க முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் எங்களோடு பேசவில்லை. எதுவானாலும் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார். முன்பெல்லாம் திறந்தே கிடந்த கேட் ஏழு மணிக்கே பூட்டப்பட்டது. லிடியா பஸ் தாமதமாகி வந்தால், வெளியே நின்று போன் போட வேண்டும். வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்று ஒவ்வொரு காலையும் பயந்தேன். சொல்லவில்லை. அது இரக்கமா, ஒன்பது ரம்பம் பாக்கி கிடந்ததாலா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். தோப்புக்காரர் மட்டும் ஆள் அனுப்பித் தன் ரம்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மிச்சம் எட்டு.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்காரர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கிரைண்டரை எடுத்தபோது சிலுவையை முழுசாகப் போட்டார்.

பிஸ்டன் பிடித்த ரம்பத்தைத்தான் முதலில் எடுத்தார். புது சிலிண்டர், புது பிஸ்டன். ஜன்னல் தேய்த்து முடித்த அன்றைக்குப் பெருமாள்சாமி பட்டறைக்குள் வந்தார். ஒரு மாதத்தில் அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏனுங்கண்ணா, இனி மெழுகு வைக்கறப்ப நானும் பக்கத்துல இருக்கோணுமுங்க."

"இரு. நியாயந்தான்."

"இருந்தா மட்டும் போதாதுங்க. நீங்களும் ஏமாத்த முடியாது, நானும் ஏமாத்த முடியாது, அப்படி ஒண்ணு வேணுமுங்க."

அவர் யோசித்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பெருமாள்சாமி கையில் கொடுத்தார். "நீயே திருப்பு. நான் சொல்ற இடத்துல நிறுத்து." இஞ்சினைக் கிளப்பினார்கள். முதலில் கத்தியது. பெருமாள்சாமி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பினார். கத்தல் தணிந்து, கரகரவென்று அந்த இருமல் வந்தது. "இங்கதான்" என்றார் அவர். "இது இருமல் இல்ல பெருமாளு. ஆயில் போகுதுன்னு மிஷினு நமக்குச் சொல்லுது." பெருமாள்சாமி காதைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். இஞ்சினை நிறுத்தியதும், "அன்னாளு" என்றார் அவர்.

நான் திரியைப் பற்றவைத்துச் சாய்த்தேன். இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை. சொட்டு விழுந்தது. அது உறைவதற்குள் பெருமாள்சாமி தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"சுடுதா தம்பி?" என்று கேட்டேன்.

"சுடுதுங்கக்கா" என்றார். விரலை எடுக்கவில்லை.

மெழுகு இறுகும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். விரலை எடுத்தபோது அவருடைய ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஏழு ரம்பத்துக்கும் அந்தந்த ரம்பக்காரர்களே வந்து திருகாணியைத் திருப்பி, விரல் வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போனார்கள். கேட் இன்னும் ஏழு மணிக்குத்தான் பூட்டுகிறது.